கடல் வழியாக வந்தவர்கள்

மும்பையில் எந்த மாலுக்குப் போனாலும் வாசலில் ஒரு சடங்கு உண்டு. காரின் டிக்கியைத் திறக்கச் சொல்வார்கள். வண்டிக்கு அடியில் ஒரு கண்ணாடியை நீட்டிப் பார்ப்பார்கள். கைப்பையைத் திறந்து ஒரு குச்சியால் இரண்டு கிளறு கிளறிவிட்டு "ஜாயியே" என்று அனுப்பிவிடுவார்கள். ஊரிலிருந்து வருகிற சொந்தக்காரர்கள் எல்லோரும் கேட்கிற கேள்வி ஒன்றுதான். "இந்தக் குச்சிக்கெல்லாமா பயப்படப் போறான் குண்டு வைக்கறவன்?"

கேள்வி நியாயமானதுதான். ஆனால் அதற்குப் பின்னால் இன்னும் பெரிய கேள்வி இருக்கிறது. பயங்கரவாதத்தைப் போலீஸ் உண்மையில் எப்படித் தடுக்கிறது? சினிமாவில் கறுப்பு உடை கமாண்டோக்கள் கயிற்றில் தொங்கியபடி வருகிறார்கள். அது தடுப்பது அல்ல, நடந்துகொண்டிருப்பதை முடித்துவைப்பது. தடுப்பது வேறு சங்கதி. அது எப்படி நடக்கிறது, எங்கே கோட்டை விடுகிறோம் என்று புரிந்துகொள்ள மும்பையைவிட நல்ல பாடப்புத்தகம் கிடையாது. பிழைப்புக்காக வந்து பல வருடங்களாக இந்த ஊரிலேயே இருப்பதால், இதைப் பற்றிக் கொஞ்சம் விவரமாக எழுத வேண்டும் என்று தோன்றியது. பதிவு நீளம்தான். டீ ஒன்று போட்டுக்கொண்டு வந்து உட்காருங்கள்.

*

1993 மார்ச் 12, வெள்ளிக்கிழமை. அப்போது ஊரின் பெயர் பம்பாய். மதியம் ஒன்றரை மணிக்குப் பங்குச்சந்தைக் கட்டிடத்தில் முதல் குண்டு. அடுத்த இரண்டு மணி நேரத்துக்குள் ஏர் இந்தியா கட்டிடம், ஜவேரி பஜார், செஞ்சுரி பஜார், தாதர் பிளாசா தியேட்டர், ஓட்டல்கள் என்று வரிசையாக வெடித்தது. மாஹிம் மீனவர் குடியிருப்பில் கையெறி குண்டுகளை வீசிவிட்டுப் போனார்கள். மொத்தம் 257 பேர் செத்துப்போனார்கள். 700 பேருக்கு மேல் காயம்.

இதற்கு முந்தைய மாதங்களில் நடந்ததையும் சொல்லியாக வேண்டும். 1992 டிசம்பரில் பாபர் மசூதி இடிக்கப்பட்டது. அந்த டிசம்பரிலும் அடுத்த ஜனவரியிலும் பம்பாயில் நடந்த கலவரங்களில் சுமார் 900 பேர் இறந்தார்கள். போலீசில் ஒரு பகுதியினர் பாரபட்சமாக நடந்துகொண்டதாக ஸ்ரீகிருஷ்ணா கமிஷன் பின்னால் 1998-இல் அறிக்கை கொடுத்தது. ஊரில் ஒரு பகுதி மக்களுக்கும் போலீசுக்கும் இடையே பேச்சு அறுந்துபோயிருந்த காலம் அது. இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

குண்டு வெடித்தபிறகு போலீஸ் மிகத் திறமையாக வேலை செய்தது. வொர்லியில் ஒரு மாருதி வேன் அனாதையாக நின்றது. உள்ளே துப்பாக்கிகளும் கையெறி குண்டுகளும். வண்டி யார் பெயரில் பதிவாகியிருக்கிறது என்று பார்த்தால் மாஹிமில் மேமன் குடும்பத்தின் வீட்டில் போய் நின்றது. அந்த வீட்டில் ஒரு ஸ்கூட்டர் சாவி கிடைத்தது. தாதர் பக்கம் வெடிக்காத குண்டோடு நின்ற ஸ்கூட்டருக்கு அந்தச் சாவி பொருந்தியது. அன்றைக்குப் போக்குவரத்துப் பிரிவில் டிசிபியாக இருந்த ராகேஷ் மரியா தலைமையில் புலனாய்வு ஓட்டமாக ஓடியது. வழக்கில் 100 பேர் குற்றவாளிகள் என்று தீர்ப்பானது. சுப்ரீம் கோர்ட்டின் இறுதித் தீர்ப்பு 2013 மார்ச்சில் வந்தது.

நடந்தபிறகு கண்டுபிடிப்பதில் நம் போலீஸ் சோடை போனதில்லை. கேள்வி, நடப்பதற்கு முன்னால் என்ன ஆனது என்பது.

*

அதைத் தெரிந்துகொள்ள மும்பைக்குத் தெற்கே ராய்கட் மாவட்டத்துக்குப் போக வேண்டும். இன்றைக்கு ஐடி கம்பெனிக்காரர்கள் வாரக் கடைசியில் மீன் சாப்பாட்டுக்குப் போகிற கொங்கண் கடற்கரைதான். திகி என்று ஒரு படகுத்துறை. இன்னும் கொஞ்சம் தெற்கே ஷேகாடி என்று ஒரு மீனவ கிராமம். 1993 ஜனவரியில் திகியில் ஆயுதங்கள் இறங்கின. பிப்ரவரி முதல் வாரத்தில் இரண்டு தடவை ஷேகாடியில் ஆர்டிஎக்ஸும் துப்பாக்கிகளும் இறங்கின.

இது ஏதோ நடுக்காட்டில் யாருக்கும் தெரியாமல் நடந்ததல்ல. அந்தக் கரையில் பல வருடங்களாகவே தங்கமும் வெள்ளியும் இறங்கிக்கொண்டிருந்தன. சரக்கை இறக்கித்தர உள்ளூரில் ஏஜெண்டுகள் இருந்தார்கள், சுமை தூக்க ஆள் இருந்தது, லாரி இருந்தது. கண்ணை மூடிக்கொள்ளும் அதிகாரிகளுக்கு ஒவ்வொரு தடவைக்கும் இவ்வளவு என்று கணக்கு இருந்தது. அந்த ஏற்பாடு அப்படியே இருக்க, சரக்கு மட்டும் மாறியது.

திகியில் இறங்கிய சரக்கை ஏற்றிக்கொண்டு வந்த லாரியை வழியில் ஒரு போலீஸ் குழு நிறுத்தியது! நிறுத்தியவர்கள் பேரம் பேசினார்கள். அந்த நேரத்தில் முழுப் பணம் கையில் இல்லை என்றதும் வெள்ளிக் கட்டிகளைப் பிணையாக வாங்கி வைத்துக்கொண்டு லாரியை அனுப்பிவிட்டார்கள். தலைமை தாங்கிய சப்-இன்ஸ்பெக்டருக்கும் சில கஸ்டம்ஸ் அதிகாரிகளுக்கும் பின்னால் இந்த வழக்கிலேயே தண்டனை கிடைத்தது. ஒரு நிமிடம் யோசித்துப் பாருங்கள். தடுப்பதற்காக அரசாங்கம் நிறுத்திவைத்த ஆள், தடுக்க வேண்டிய லாரியை, தடுக்க வேண்டிய இடத்தில் நிறுத்திவிட்டார். அதற்குப் பிறகுதான் எல்லாம் கெட்டது.

இன்னும் இரண்டு விஷயங்கள். ஆயுதங்கள் கடல்வழியாக வரக்கூடும் என்ற எச்சரிக்கைக் கடிதம் கஸ்டம்ஸ் துறைக்குள் அந்த ஜனவரியிலேயே சுற்றுக்கு வந்திருந்தது. மார்ச் இரண்டாம் வாரத்தில், கலவர வழக்கில் பிடிபட்ட ஓர் இளைஞன், பாகிஸ்தானில் பயிற்சி எடுத்ததையும் ஊரில் குண்டு வைக்கத் திட்டம் இருப்பதையும் போலீசிடமே சொன்னான். குண்டு வெடிக்க மூன்று நாள்தான் பாக்கி. அவன் ஏதோ உளறுகிறான் என்று விட்டுவிட்டார்கள்.

ஆக, கடிதம் இருந்தது, லாரி கையில் இருந்தது, வாக்குமூலம் காதில் விழுந்தது. மூன்றையும் சேர்த்து ஒரு மேஜையில் வைக்க ஆள் இல்லை.

*

நம் ஊர்க்காரர்களுக்கு இந்தக் கதை எங்கேயோ கேட்ட மாதிரி இருக்கும். பம்பாய் குண்டுவெடிப்புக்கு இரண்டு வருடம் முன்னால், 1991 மே 1-ஆம் தேதி, சிவராசன் கோஷ்டி யாழ்ப்பாணத்திலிருந்து படகில் வந்து இறங்கியது கோடியக்கரையில். அங்கே அவர்களுக்கு இடம் கொடுத்து உதவியவர் பழைய கடத்தல்காரர் ஒருவர். அந்தக் கரையிலும் இரண்டு பக்கமும் சாமான்கள் போய்வந்துகொண்டிருந்தது எல்லோருக்கும் தெரிந்த சமாசாரம்தான். மூன்று வாரம் கழித்து, மே 21-ஆம் தேதி ஸ்ரீபெரும்புதூரில் ராஜீவ் காந்தி கொல்லப்பட்டார். அவரோடு செத்துப்போனவர்களில் பாதுகாப்புக்கு நின்ற போலீஸ்காரர்களும் உண்டு.

கோடியக்கரைக்கும் ஷேகாடிக்கும் நடுவில் எவ்வளவோ தூரம். நோக்கம் வேறு, ஆட்கள் வேறு, அரசியல் வேறு. வழி மட்டும் ஒன்று. கடத்தல்காரன் போட்டுவைத்த பாதையில் கொலைகாரன் நடந்து வந்தான்.

இரண்டு இடத்திலும் அரசாங்கம் சும்மா இருக்கவில்லை. தமிழ்நாட்டில் 1994-இல் போலீசுக்குள் கடலோரப் பாதுகாப்புக் குழுமம் என்று தனிப்பிரிவு வந்தது. மகாராஷ்டிரா, குஜராத் கரைகளில் 1993-லேயே 'ஆபரேஷன் ஸ்வான்' ஆரம்பித்தது. கடற்படை, கடலோரக் காவல்படை, கஸ்டம்ஸ், போலீஸ் எல்லோரும் சேர்ந்து ரோந்து போக வேண்டும் என்பது திட்டம். வாடகைக்கு எடுத்த மீன்பிடி ட்ராலர்களில்கூடப் போனார்கள். 2005-இல் மத்திய அரசு கடலோரப் பாதுகாப்புத் திட்டம் ஒன்றை அறிவித்தது. 73 கடலோரக் காவல் நிலையங்கள், 204 படகுகள்.

காகிதத்தில் பிரமாதமாக இருந்தது. ஆனால் தரையில் திருடனைத் துரத்தப் பயிற்சி எடுத்த கான்ஸ்டபிளைப் படகில் ஏற்றிவிட்டால் அவர் கடல்காரர் ஆகிவிடுவாரா? பாதிப் பேருக்கு அலை ஏறினால் வாந்தி. படகை ஓட்ட ஆள் இல்லை, ரிப்பேருக்கு ஆள் இல்லை, டீசலுக்குப் பணம் இல்லை. பல மாநிலங்களில் படகுகள் ஓடாமல் கரையில் கட்டிக்கிடந்ததைத் தணிக்கை அறிக்கைகள் திரும்பத் திரும்ப எழுதின. ஒரு ரோந்து எதையும் பிடிக்காமல் வருடக்கணக்கில் சுற்றிவந்தால், அதற்குப் பணம் ஒதுக்குகிறவருக்கு அது தண்டச்செலவாகத் தெரிய ஆரம்பித்துவிடும். தடுப்பு வேலையின் பெரிய சாபம் இது. ஒன்றும் நடக்காததுதான் வெற்றி. ஆனால் ஒன்றும் நடக்கவில்லை என்றால் 'எதற்கு இந்தச் செலவு' என்பார்கள்.

*

2008 நவம்பர் 26.

இந்த முறை எச்சரிக்கைகளுக்குப் பஞ்சமே இல்லை. கடல்வழியாக வருவார்கள், தாஜ் ஓட்டல் இலக்காக இருக்கலாம் என்றெல்லாம் தகவல் வந்திருந்தது. அதை வைத்துத் தாஜில் கொஞ்ச நாள் கெடுபிடி செய்தார்கள், பிறகு தளர்த்திவிட்டார்கள். சந்தேகப் படகு ஒன்று கராச்சி பக்கம் கிளம்பியிருக்கிறது என்ற தகவல் நவம்பர் மூன்றாம் வாரத்தில் கடலோரக் காவல்படைக்குப் போனது. அவர்களும் தேடினார்கள், கிடைக்கவில்லை. எப்படிக் கிடைக்கும்? வந்தவர்கள் நடுக்கடலில் 'குபேர்' என்ற போர்பந்தர் மீன்பிடிப் படகைப் பிடித்து, அதில் இருந்த ஐந்து மீனவர்களையும் கொன்றுவிட்டு, இந்தியப் படகிலேயே வந்துகொண்டிருந்தார்கள். ஆயிரக்கணக்கான மீன்பிடிப் படகுகளுக்கு நடுவில் இன்னொரு மீன்பிடிப் படகு.

மும்பையை நெருங்கியதும் ரப்பர் படகுக்கு மாறி, கஃப் பரேட் பக்கம் பத்வார் பார்க் மீனவர் குப்பத்தில் பத்து பேர் இறங்கினார்கள். இந்த இடத்தைத் தேர்ந்தெடுத்தது டேவிட் ஹெட்லி. அமெரிக்க பாஸ்போர்ட்டோடு பலமுறை மும்பை வந்து, படகில் சுற்றி, இறங்குமிடங்களை ஜிபிஎஸ் கருவியில் குறித்துக்கொண்டு போனவர். (அவருடைய கூட்டாளி தஹவ்வூர் ராணாவை அமெரிக்காவிலிருந்து இந்தியாவுக்குக் கொண்டுவர 2025 ஏப்ரல் வரை ஆனது.)

பத்து பேரும் இறங்கியபோது முதலில் பார்த்தது யார்? ரேடார் இல்லை, கப்பல் இல்லை. குப்பத்து ஜனங்கள். பெரிய பைகளோடு, ஊருக்குச் சம்பந்தமில்லாத பையன்கள். யாரப்பா நீங்கள் என்று கேட்டிருக்கிறார்கள். உங்கள் வேலையைப் பாருங்கள் என்று பதில் வந்திருக்கிறது. சந்தேகப்பட்டுப் போலீசுக்கும் தகவல் சொன்னார்கள் என்று அப்போதே செய்திகள் வந்தன. அந்தத் தகவலின் மேல் எதுவும் நகர்வதற்கு முன்னால் லியோபோல்ட் காஃபேயிலும் சிஎஸ்டி ஸ்டேஷனிலும் சுட ஆரம்பித்துவிட்டார்கள்.

அந்த மூன்று நாட்களையும் டிவியில் எல்லோரும் பார்த்தோம். 166 உயிர்கள். அந்தக் கதையைத் திரும்பச் சொல்லப் போவதில்லை. தயார்நிலை என்ற விஷயத்துக்கு வேண்டிய சில துண்டுகளை மட்டும் சொல்கிறேன்.

சிஎஸ்டி ஸ்டேஷனில் ஏகே-47 வைத்திருந்த இரண்டு பேருக்கு எதிரே நம் போலீசிடம் இருந்தது லத்தியும் பழைய 303 துப்பாக்கியும். அதிலும் ஒருசிலர் எதிர்த்து நின்று சுட்டார்கள். விஷ்ணு ஜெண்டே என்ற ரயில்வே அறிவிப்பாளர் தன் கண்ணாடி அறையை விட்டு ஓடாமல், எந்த வாசல் பக்கம் போகக்கூடாது, எந்தப் பக்கம் வெளியேற வேண்டும் என்று மைக்கில் சொல்லிக்கொண்டே இருந்தார். அதனால் பிழைத்தவர்கள் ஏராளம்.

தேசியப் பாதுகாப்புப் படை, அதாவது என்எஸ்ஜி, 1984-இல் இப்படிப்பட்ட நேரத்துக்கென்றே உருவாக்கப்பட்டது. ஆனால் படை இருந்தது ஹரியானாவில் மானேசரில். அவர்களை ஏற்றிவர வேண்டிய பெரிய விமானம் நின்றது சண்டிகரில். அது டெல்லிக்கு வந்து, படை ஏறி, மும்பையில் இறங்கும்போது விடிந்துவிட்டது. தாக்குதல் தொடங்கியதோ முந்தின இரவு ஒன்பதரை மணி வாக்கில்.

பிறகு கிர்காவ் சௌபாத்தி. என்னைப் பொறுத்தவரை அந்த இரவின் மிக முக்கியமான இடம் அதுதான். இரண்டு பேர் ஒரு ஸ்கோடா காரைப் பிடுங்கிக்கொண்டு வருகிறார்கள் என்று வயர்லெஸ்ஸில் தகவல் வந்தது. உள்ளூர் ஸ்டேஷன் போலீஸ்காரர்கள் ரோட்டில் தடுப்பு வைத்து நாகாபந்தி போட்டார்கள். தினமும் ராத்திரி குடித்துவிட்டு ஓட்டுகிறவர்களைப் பிடிக்கப் போடுவார்களே, அதே நாகாபந்தி. கார் நின்றது. ஒருவன் சுடப்பட்டுச் செத்தான். இன்னொருவனை நோக்கி வெறும் லத்தியோடு போன துகாராம் ஓம்ப்ளே என்ற உதவி சப்-இன்ஸ்பெக்டர், துப்பாக்கிக் குழலைக் கையால் பிடித்துக்கொண்டு குண்டுகளைத் தன் உடம்பில் வாங்கிக்கொண்டார். கஸாப் உயிரோடு பிடிபட்டான். பத்து பேரில் உயிரோடு கிடைத்தது அவன் ஒருவன்தான். எங்கிருந்து வந்தார்கள், யார் அனுப்பினார்கள் என்பதை உலகத்துக்குச் சொல்ல ஆதாரமாக இருந்தது அந்தப் பிடி. ஓம்ப்ளேவுக்கு 2009-இல் அசோக சக்கரம் கொடுத்தார்கள்.

பின்னால் மாநில அரசு அமைத்த ராம் பிரதான் குழு எல்லாவற்றையும் அலசியது. நெருக்கடி வந்தால் யார் எங்கே இருக்க வேண்டும் என்று ஏற்கனவே எழுதிவைத்த நடைமுறை இருந்தது, அன்று அதைப் பின்பற்றவில்லை என்றது. தோட்டா தட்டுப்பாட்டால் போலீசாருக்குச் சுடும் பயிற்சியே சரியாக நடக்காமல் இருந்ததும் வெளியே வந்தது. துணிச்சலுக்குக் குறைவில்லை. துணிச்சலை மட்டும் நம்பி ஆட்களை நிறுத்தியதுதான் தப்பு.

*

26/11-க்குப் பிறகு நடந்த மாற்றங்கள் நிஜமாகவே பெரியவை. உள்துறைக்குப் புதிதாக வந்தவர் நம் சிதம்பரம். அந்த டிசம்பரிலேயே தேசியப் புலனாய்வு முகமைக்கான சட்டம் நிறைவேறியது. 2009-இல் மும்பை, சென்னை, கொல்கத்தா, ஹைதராபாத்தில் என்எஸ்ஜி மையங்கள் வந்தன. மகாராஷ்டிரா 'ஃபோர்ஸ் ஒன்' என்று தனக்கென ஒரு படை அமைத்தது. உளவுத் தகவல்களை ஒரே இடத்தில் சேர்க்கும் பல்துறை மையம் 2001-இலிருந்தே பெயரளவில் இருந்தது, அதற்கு உயிர் கொடுத்தார்கள். தேசியப் பயங்கரவாதத் தடுப்பு மையம் என்று அமெரிக்க பாணியில் ஒன்றைத் தொடங்க 2012-இல் முயன்றார்கள். மாநிலங்களின் போலீஸ் அதிகாரத்தில் கைவைப்பதாகச் சொல்லி ஜெயலலிதா, மம்தா பானர்ஜி, நவீன் பட்நாயக் எனப் பல முதல்வர்கள் எதிர்த்ததால் அது எழவே இல்லை.

கடலில் மொத்தப் பொறுப்பு கடற்படைக்குப் போனது. கலங்கரை விளக்கங்களின் மேலும் கரையோரமும் முதல் கட்டமாக 46 இடங்களில் ரேடார், கேமரா வைத்தார்கள். 20 மீட்டருக்கு மேல் நீளமுள்ள படகுகளுக்கு இருப்பிடம் காட்டும் கருவி கட்டாயமானது. இரண்டாம் கட்டத்தில் இன்னும் 131 கடலோரக் காவல் நிலையங்கள். 'சாகர் கவச்' என்று கரையோர மாநிலங்களில் ஒத்திகை நடத்துகிறார்கள். போலீஸ்காரர்களே தீவிரவாதி வேஷத்தில் படகில் வந்து ஊருக்குள் நுழையப் பார்ப்பார்கள், மற்றவர்கள் பிடிக்க வேண்டும். தமிழ்நாட்டிலும் இதை நடத்துகிறார்கள், கடலோர ஊர்க்காரர்கள் பார்த்திருப்பீர்கள்.

இத்தனைக்கும் பிறகு, 2011 ஜூலை 31-ஆம் தேதி என்ன நடந்தது தெரியுமா? 'பவித்' என்ற ஒரு கப்பல். ஓமன் பக்கம் எஞ்சின் கெட்டு, மாலுமிகள் கைவிட்டுப் போன ஆயிரம் டன் எண்ணெய்க் கப்பல். உள்ளே ஒரு ஆள் கிடையாது. அரபிக்கடல் முழுக்கத் தானாக மிதந்து, கடற்படை, கடலோரக் காவல்படை, போலீஸ் என்று மூன்று அடுக்கையும் தாண்டி, ஜுஹு கடற்கரை மணலில் வந்து தட்டி நின்றது. பானிபூரி கடைக்குப் பக்கத்தில் கப்பல்! மக்கள் குடும்பத்தோடு வந்து போட்டோ எடுத்துக்கொண்டார்கள். சிரிப்பு வருகிறதுதான். ஆளில்லாத கப்பலே இப்படி வரமுடியும் என்றால், ஆளோடு வருகிற சின்னப் படகு?

இதைச் சொல்வது கருவிகள் வீண் என்பதற்காக இல்லை. கடலின் அளவு அப்படி. இந்தியக் கடற்கரை 7,516 கிலோமீட்டர் என்று பள்ளிக்கூடத்தில் மனப்பாடம் செய்தோம். அண்மையில் நவீன முறையில் வளைவு நெளிவுகளையெல்லாம் சேர்த்து அளந்ததில் 11,000 கிலோமீட்டரைத் தாண்டிவிட்டது. இவ்வளவு நீளத்துக்கும் சேர்த்து முழுநேரக் கண்கள் இருப்பது ஒரே ஒரு கூட்டத்துக்குத்தான். மீனவர்களுக்கு. இது எங்கள் பக்கத்துப் படகா இல்லையா, இந்தப் பருவத்தில் இந்த இடத்தில் இவனுக்கு என்ன வேலை என்பதெல்லாம் அவர்களுக்குப் பார்த்த மாத்திரத்தில் தெரியும்.

ஆனால் புதிய ஏற்பாட்டில் அந்தக் கண்களை நாம் நடத்தும் விதம் விசித்திரம். கைரேகை வைத்த அடையாள அட்டை, படகுக்கு நிறம், படகுக்கு நம்பர், கிளம்பும்போது டோக்கன். தேவைதான், குபேர் கதைக்குப் பிறகு வேண்டாம் என்று சொல்ல முடியாது. ஆனால் நடுக்கடலில் ஒவ்வொரு துறையும் தனித்தனியாக வந்து நிறுத்தி அதே காகிதங்களைக் கேட்டால் மீன் பிடிப்பது எப்போது? சசூன் டாக்கில் மீன் வாங்கப் போகும்போது அங்கே இருக்கும் கோலி மாவ்ஷிகளிடம் என் அரைகுறை மராத்தியில் பேச்சுக் கொடுப்பதுண்டு. அவர்கள் வருத்தம் இதுதான்: கார்டைக் காட்டு என்று கேட்க நாலு பேர் வருகிறார்கள், நாங்களாக ஒன்றைச் சொல்லப் போனால் உட்காரச் சொல்லக்கூட ஆளில்லை.

இது மீனவர்களோடு நிற்கிற விஷயமும் இல்லை. 2006 ஜூலை 11-ஆம் தேதி மும்பை லோக்கல் ரயில்களில் குண்டு வெடித்து 180-க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். அந்த வழக்கில் தண்டனை பெற்ற 12 பேரையும், குற்றம் நிரூபிக்கப்படவில்லை என்று பம்பாய் ஹைகோர்ட் 2025 ஜூலையில் விடுவித்தது. பத்தொன்பது வருடம் கழித்து! அந்தத் தீர்ப்பை மற்ற வழக்குகளில் முன்னுதாரணமாகக் காட்டக்கூடாது என்று சுப்ரீம் கோர்ட் அடுத்த சில நாட்களிலேயே சொன்னது, ஆனால் வெளியே வந்தவர்களைத் திரும்ப ஜெயிலுக்கு அனுப்பவில்லை. ரயிலில் செத்தவர்களின் குடும்பங்களுக்கு, அப்படியானால் செய்தது யார் என்ற கேள்வி திரும்ப வந்து நிற்கிறது. ஒரு சமூகத்தில் 'போலீஸ் கூப்பிட்டால் நம் பையனையும் சேர்த்துவிடுவார்கள்' என்ற பயம் விழுந்துவிட்டால், அடுத்த முறை தெருவில் சந்தேகப்படும்படி எதையாவது பார்க்கிற ஆள் போலீசுக்குப் போன் போடுவாரா? 1993 மார்ச்சில் அந்த நகரத்தில் யார் போன் போட்டிருப்பார்கள்? தவறான ஆளைப் பிடிப்பது நியாயத்துக்கு மட்டும் கேடில்லை. அடுத்த தகவலையும் அது கொன்றுவிடுகிறது.

*

கடைசியாக ஒரு சம்பவம், அவ்வளவாகப் பேசப்படாதது.

2022 ஆகஸ்ட் 18-ஆம் தேதி ராய்கட் மாவட்டம் ஹரிஹரேஷ்வர் கரையில் ஆளில்லாத ஒரு சொகுசுப் படகு ஒதுங்கியது. உள்ளூர்க்காரர்கள் பார்த்தார்கள், போலீசுக்குச் சொன்னார்கள். போலீஸ் வந்து திறந்து பார்த்தால் மூன்று ஏகே-47 துப்பாக்கிகள், தோட்டாக்கள். மகாராஷ்டிரா முழுக்க உஷார் நிலை. விசாரித்ததில் அது 'லேடி ஹான்' என்ற படகு, ஆஸ்திரேலியப் பெண்மணி ஒருவருக்குச் சொந்தம், மஸ்கட்டிலிருந்து ஐரோப்பாவுக்குப் போகும் வழியில் ஜூன் மாதமே எஞ்சின் கெட்டு, ஆட்களை வேறு கப்பல் காப்பாற்றிக் கொண்டுபோய்விட்டது என்று தெரிந்தது. பயங்கரவாதச் சம்பந்தம் ஏதுமில்லை என்று அரசு சட்டசபையில் சொன்னது. ஒரு நாள் பரபரப்போடு ஊரே மறந்துவிட்டது.

நான் மறக்கவில்லை. வரைபடத்தை எடுத்துப் பாருங்கள். ஹரிஹரேஷ்வர் இருப்பது ஸ்ரீவர்தன் தாலுகாவில். ஷேகாடி இருப்பதும் அதே தாலுகாவில்தான். இருபத்தொன்பது வருடம் முன்னால் ஆர்டிஎக்ஸ் பெட்டிகள் இறங்கி, எல்லோரும் பார்த்து, யாரும் வாய் திறக்காமல் லாரியில் ஏறிப்போன அதே கரையோரம். இந்தத் தடவை பார்த்தவர்கள் சொன்னார்கள், கேட்க வேண்டியவர்கள் கேட்டார்கள், பேரம் பேச யாரும் வரவில்லை. ரேடார் அந்தப் படகைப் பிடிக்கவில்லை என்பது குறைதான், அன்றைக்கே பலர் அதைக் கேட்டார்கள். ஆனால் 1993-இல் இல்லாமல் போனது ரேடார் மட்டும் அல்லவே.

மாலில் பையைக் கிளறும் குச்சியைப் பற்றிக் கேட்பவர்களுக்கு என் பதில் இதுதான். குச்சி முக்கியமில்லை, அதைப் பிடித்திருக்கிற ஆள் முக்கியம். அவருக்கு ஒழுங்காகச் சம்பளம் வருகிறதா, எதைத் தேடுகிறோம் என்று யாராவது சொல்லிக்கொடுத்தார்களா, சந்தேகம் வந்து மேலே சொன்னால் மதித்துக் கேட்பார்களா? இந்த மூன்றுக்கும் 'ஆமாம்' என்றால் அந்தக் குச்சியும் போதும். இல்லை என்றால் எத்தனை கோடிக்கு ரேடார் வாங்கினாலும், வெள்ளிக் கட்டிக்குப் போன லாரி மாதிரி எல்லாம் போய்க்கொண்டே இருக்கும்.

பி.கு: கடலோரத்தில் இருப்பவர்களுக்கு. மகாராஷ்டிராவிலும் சரி, தமிழ்நாட்டிலும் சரி, கடலோரப் போலீசுக்கு 1093, கடலோரக் காவல்படைக்கு 1554. போனில் சேமித்து வைத்துக்கொள்ளுங்கள். ஊரில் கடலுக்குப் போகிற மாமா, மச்சான் யாராவது இருந்தால் அவர்களுக்கும் சொல்லுங்கள். அவர்களுக்கு நம்மைவிட நன்றாகவே தெரிந்திருக்கும், இருந்தாலும்.